மாவுக்காரம்மாவும் இரண்டு வீட்டுக்காரர்களும்

வீட்டுக்காரர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். தாலி கட்டியவரும் வீட்டுக்காரர்தான், வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான். வியாசர்பாடியில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண் வங்கியில் கடன் கேட்டு 2023 ஜூலையில் கிளம்பினார். 2024 பிப்ரவரியில்தான் பணம் வந்தது. இடைப்பட்ட எட்டு மாதமும் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் பெரம்பூரில் ஒரு சின்ன அலுவலகம் வைத்து ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகள் தாக்கல் செய்து கொடுக்கிறேன். சனிக்கிழமை மதியம் மட்டும் தெருக்கடைக்காரர்கள், வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் வந்தால் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பது வழக்கம். என்னிடம் கணக்கு எழுதும் ஒரு மளிகைக் கடைக்காரர்தான் அவரை அனுப்பினார். அந்தப் பெண் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. மாவுக்காரம்மா, அவ்வளவுதான். நான் அக்கா என்பேன். அவர் முதலில் மேடம் என்றார், பிறகு கண்ணு என்று மாற்றிக்கொண்டார்.

"ஒரு லோன் போட்டுக் குடு கண்ணு. பெரிய கிரைண்டர் ஒண்ணு வாங்கிட்டா போதும், மிச்சத்த நான் பாத்துக்குவேன்."

மிச்சத்தை அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 2020 ஊரடங்கில் பெயின்டர் வேலைக்குப் போகும் கணவருக்கு வேலை நின்றது. மேசை கிரைண்டரில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மாவு ஆட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் அது ஒரு நாளைக்கு 60 கிலோ ஆகியிருந்தது. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டரில் ஆறு ஈடு. அரிசி செங்குன்றம் மண்டியிலிருந்து ஒருவர் வண்டியில் கொண்டுவந்து போடுவார். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். ஐந்து கிலோ அரிசி, உளுந்து போட்டால் தண்ணீர் சேர்ந்து பதினொன்று, பன்னிரண்டு கிலோ மாவு வரும். வெயில் காலத்தில் உளுந்தை ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல் சூட்டிலேயே மாவு புளிக்க ஆரம்பித்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கிலோ 45 ரூபாய். அதில் அரிசி, உளுந்துக்கு மட்டும் 27, 28 ரூபாய் போய்விடும். கவர், கரண்ட், தண்ணீர், டெலிவரிக்குப் போகும் பையனுக்குப் பெட்ரோல், தண்டல் என்ற தினவசூல் கடன் எல்லாம் போகக் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் நின்றால் நல்ல நாள்.

வருட விற்பனை ஒன்பதரை லட்சத்துக்குப் பக்கம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இது ஒரு தொழில். ஆனால் அன்றைக்கு என் மேசையில் அவர் எடுத்து வைத்த காகிதங்களைப் பார்த்தால் அவர் ஒரு குடும்பத் தலைவி, வேறு ஒன்றுமே இல்லை.

வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், இருபது ரூபாய்ப் பத்திரத்தில். மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில். கேஸ் மாமியார் பெயரில். பத்து லிட்டர் கிரைண்டருக்கு பில் இருந்தது, அது அவருடைய தம்பி பெயரில். தம்பி வாங்கிக் கொடுத்ததற்கு ஒரு பின்கதை உண்டு, அப்புறம் வருகிறேன். ஜன்தன் கணக்கு ஒன்று அவர் பெயரில் இருந்தது. இரண்டு வருடமாக அதில் ஒரு பரிவர்த்தனையும் இல்லாததால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக நிறுத்தி வைத்திருந்தது.

"அப்போ கஸ்டமர் ஜீபே பண்றது எங்க போவுது?"

வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருந்தார். காட்டினார். மகன் பெயர். பையனுக்கு அப்போது வயது 21, ஒரு டெலிவரி கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்மார்ட்போன் அவனிடம்தான் இருந்தது, அதனால் அவன் கணக்கிலேயே ஒட்டிவிட்டார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் மூன்று வருடமாக மாதம் நாற்பதாயிரம் போல அந்தக் கணக்கில் வரவு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து வங்கியே அவனுக்கு ப்ரீ அப்ரூவ்ட் லோன் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. பைக் வாங்கிவிட்டான். மூன்றரை மணிக்கு எழுந்து மாவு ஆட்டியது அம்மா, கடன் வாங்கும் தகுதி வந்தது மகனுக்கு.

அவருக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. "என் புள்ளதானே" என்றார். எனக்குத்தான் சுருக்கென்றது.

தண்டல் கணக்கு

கடனே வாங்காமல் அவர் தொழில் செய்யவில்லை. வடசென்னையில் கையில் எழுதி வாங்கும் கடனுக்குப் பஞ்சமே கிடையாது. இருபதாயிரம் தண்டல் வாங்கினால் மூவாயிரத்தைப் பிடித்துக்கொண்டு பதினேழாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் இருநூறு வீதம் நூறு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்து நோட்டில் கோடு போட்டுவிட்டுப் போவார். நூறு நாளில் இருபதாயிரம் கட்டி முடித்ததும் அடுத்த தண்டல்.

கால்குலேட்டரில் போட்டுக் காண்பித்தேன். கையில் நிற்கும் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக எட்டரை ஆயிரம்தான் அவரிடம் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் மூவாயிரம் வட்டி. வருடத்துக்கு நூற்றுக்கு 128 ரூபாய்க்கு மேல். அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் தண்டல்காரரைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை: "அவரு என் வீட்டுக்காரரு கையெழுத்து கேக்கலையே கண்ணு."

சரி. இது புதுக் கதையும் இல்லை. 1978-ல் இதே ஊரில் ஜெயா அருணாச்சலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியபோது அவர் சந்தித்ததும் இவர்களைத்தான். பூ, காய், மீன், இட்லி விற்கும் பெண்கள். திறமை இருந்தது, வாடிக்கை இருந்தது, வட்டியில் மாட்டியிருந்தார்கள். முதலில் அவர்களை அரசு வங்கிகளின் நான்கு சதவீத வட்டிக் கடனோடு கோத்துவிடத்தான் முயன்றார். வங்கி திறந்திருக்கும் நேரமும் விண்ணப்பப் படிவமும் அந்தப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. 1981-ல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தையே ஆரம்பித்துவிட்டார்கள். மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் வந்தது, தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கின. அவற்றுக்கெல்லாம் முன்பே இந்த ஊர்ச் சந்துகளில் நடந்தது இது.

நாற்பது வருடம் கழித்தும் எங்கள் மாவுக்காரம்மாவுக்கு வங்கி நேரம் ஒத்துவரவில்லை. பத்திலிருந்து ஒன்றுவரை ஓட்டல்களுக்கு மாவு போக வேண்டிய நேரம். மதியம்தான் அவர் தூங்குவார்.

பெயரை மாற்றுவது

முதல் வேலையாக கியூஆரை அவர் பெயருக்கு மாற்றலாம் என்றேன். அதற்கு ஜன்தன் கணக்கு உயிர்பெற வேண்டும். அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்கிக்கிடந்த கணக்குகளை எழுப்ப எல்லா வங்கிக் கிளைகளிலும் பெண்கள் வரிசை. அந்த வரிசையிலேயே இவரும் நின்று ஆதாரைக் கொடுத்து முடித்துவிட்டார். மாதம் ஆயிரம் ரூபாய்க்காக நின்ற வரிசை அவருடைய தொழில் கணக்கையும் திறந்துவிட்டது. அரசு இதை எண்ணிச் செய்திருக்காது. என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் பெரிய பலன்களில் இது ஒன்று.

ஆனால் பான் கார்டு என்றதும் பின்வாங்கினார். பான் எடுத்தால் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்று தெருவில் பேச்சு. பான் எடுப்பதாலேயே நிற்காது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி என்று விளக்கினேன். அப்போது அவர் வரம்புக்குள்தான் இருந்தார். ஆனால் அவர் விடவில்லை: "பெரிய கிரைண்டர் வந்தா தாண்டிடுமா?" தாண்டலாம் என்றேன். பொய் சொல்ல முடியாது. கணக்கு எழுத ஆரம்பித்தால் எல்லை எங்கே என்பது தெரிந்துவிடும், எழுதாதவரைதான் நிம்மதி. சின்னத் தொழில் செய்யும் பெண்கள் பதிவுக்குப் பயப்படுவதை அறியாமை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

விரலை மடக்கி அவரே கணக்குப் போட்டார். கிலோவுக்கு ஒன்பது ரூபாய், ஆயிரம் ரூபாய்க்கு நூற்றுப் பதினொரு கிலோ. "ரெண்டு நாள் மாவு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எடு" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். மகன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பைக் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அம்மா மாதாமாதம் அவனுக்குத் தவணைப் பணத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. வீட்டுக்குள் பெயர் மாற்றுவதும் ஒரு பேச்சுவார்த்தைதான், அதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.

உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவு பத்து நிமிட வேலை. ஆதாரும் பானும் போதும், கட்டணம் இல்லை. 2020 ஜூலை முதல் இப்படித்தான். ஆனால் அவர் என்னிடம் வருவதற்கு முன் ஒரு பிரவுசிங் சென்டரில் இதற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அப்படியே. அப்போது பன்னிரண்டு லட்சத்துக்குள் விற்பனை இருந்தால் வருடத்துக்கு நூறு ரூபாய்தான், அதற்குக் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு. பெண் தொழில்முனைவோருக்கான தடைகள் என்று கருத்தரங்குகளில் பெரிய பெரிய விஷயங்களைப் பேசுகிறார்கள். இந்த இரண்டாயிரம் ரூபாயை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் என் அலுவலகத்தில் நடக்கிறது. மனைவியின் ஆதாரை எடுத்துக்கொண்டு கணவர் மட்டும் வருவார். ஓடிபி வந்ததும் போன் போட்டு, "நம்பர் வந்துச்சா, சொல்லு" என்பார். அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகிவிடும். மகளிருக்கு மானியம் கூட, வட்டி கம்மி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகரத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு 15 சதவீத மானியம், பெண்ணுக்கு 25. இந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாட்டில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் சுமார் 80 லட்சம் என்றும், அதில் பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு தமிழ்நாடுதான் முதலிடம் என்றும் வந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். தாளில் பெண் பெயர் இருந்து தொழிலில் அவர் இல்லாதவை எத்தனை, தொழிலில் பெண் இருந்து தாளில் பெயர் இல்லாதவை எத்தனை? என் மேசையில் இரண்டு வகையும் அடுத்தடுத்து வந்து உட்காருகின்றன.

முதல் விண்ணப்பம், என் தவறு

எந்தத் திட்டத்தில் போடுவது? மாநில அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் நேர்காணல், பரிந்துரை, வங்கி ஒப்புதல், பயிற்சி என்று பல படிகள். மானியமும் கைக்கு வராது, கடன் கணக்கோடு சேர்த்து வைப்பாக வங்கியிலேயே இருக்கும். அவருக்குப் பொங்கலுக்குள் மெஷின் வேண்டும். மானியம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்து அந்த வருடத் தொழிலையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறு தொழிலுக்கான முத்ரா கடன் போதும் என்று முடிவு செய்தேன். அம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம்வரை கிஷோர் பிரிவு, அடமானம் கிடையாது. ஒன்றரை லட்சத்துக்கு அக்டோபரில் விண்ணப்பம் கொடுத்தோம்.

வங்கியின் பெயர் வேண்டாம். அதிகாரி மோசமானவர் இல்லை, அவசரக்காரர். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "வீட்டுக்காரர் வரலையா?"

அக்கா எந்த வீட்டுக்காரர் என்று புரியாமல், "வாடகைய மாசம் அஞ்சாந்தேதி குடுத்துடுவேன் சார்" என்றார்.

அவர் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். "சொந்த வீட்டுப் பத்திரம் ஏதாவது?" பத்து லட்சம்வரை குறு, சிறு தொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்று நான் குறுக்கே சொன்னேன். தெரியும் மேடம், சும்மா கேட்டேன் என்றார். அமெரிக்காவில் 1988 வரை சில மாநிலங்களில் பெண்ணின் தொழில் கடனுக்கு ஆண் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, தனிச் சட்டம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விதியே இல்லை. விதி இல்லாததால் அதை ரத்து செய்யவும் முடியவில்லை, "சும்மா கேட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறது.

பத்திரம் என்றதும் வெளியே வந்து அக்கா சொன்னதுதான் அந்தத் தம்பி கிரைண்டரின் பின்கதை. பெரியபாளையம் பக்கம் பூர்வீக இடம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மத்தியில் வர 2005 ஆயிற்று. அக்காவுக்கு உரிமை இருந்தது. தம்பி வீடு கட்டும்போது, "ஒரு கையெழுத்துதானே" என்று கூட்டிக்கொண்டு போய், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் வாங்கிக்கொண்டார்கள். பல வருடம் கழித்து ஊரடங்கின்போது தம்பிக்கு மனசு உறுத்தி கிரைண்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதுவும் அவன் பெயரில் பில் போட்டு.

விண்ணப்பம் மூன்று வாரத்தில் நிராகரிப்பானது. காரணம் வீட்டுக்காரரும் இல்லை, பத்திரமும் இல்லை. சிபில், அதாவது பழைய கடன்களைக் கட்டிய வரலாறு. 2019-ல் ஒரு குழுக்கடன் வாங்கியிருக்கிறார். ஊரடங்கில் ஆறு மாதத் தவணை விலக்கு முடிந்த பிறகு வாராவாரம் பணத்தைக் குழுத் தலைவியிடம் கொடுத்தாராம். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். கடைசி நாலாயிரத்துச் சொச்சம் கட்டாததாகப் பதிவாகி மூன்று வருடமாக அப்படியே நின்றிருக்கிறது. ரசீது இல்லை.

இதில் தவறு என்னுடையது. வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். எல்லோருக்கும் முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். இவர் வங்கிப் பக்கமே போகாதவர், இவருக்கு என்ன சிபில் இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். வங்கியைத் தெரியாத பெண்ணுக்கும் சிபில் இருக்கும், குழுக்கடன் இல்லாத தெரு சென்னையில் எங்கே இருக்கிறது? அவர் அந்தப் பணத்தை இரண்டாம் முறையாகக் கட்டினார். நிலுவையில்லாச் சான்று வாங்கி, திருத்தக் கோரிக்கை கொடுத்தோம். "கட்டின பணத்தையே கட்டறேன், போவட்டும்" என்றாரே தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர்

டிசம்பர் 3-ம் தேதி இரவு மிக்ஜாம் புயல் மழை வலுத்தது. நாலாம் தேதி காலையில் அவர் வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். உளுந்து மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றியிருக்கிறார்கள். கிரைண்டரைத் தூக்க முடியவில்லை. மூன்று நாள் மின்சாரம் இல்லை, பத்து நாள் தொழில் இல்லை. மோட்டார் காயில் கட்ட மூவாயிரத்து ஐந்நூறு. ரேஷன் கடையில் அரசு கொடுத்த ஆறாயிரம் நிவாரணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. காப்பீடு என்று ஒன்று இருக்கிறது என்பதை அவரும் நினைக்கவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை.

தண்டல்காரர் ஒன்பதாம் தேதியே வந்தார். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாராம். இதை எழுதத்தான் வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் மேல்மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கரண்ட் ஷாக் அடித்தால் யார் பொறுப்பு, விடிகாலையில் சத்தம் வேறு, கிரைண்டரை எடுத்துவிடுங்கள் என்றார். ஏற்கெனவே உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்டபோது மாதம் ஆயிரம் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டவர். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு இணைப்பில் தொழில் மெஷின் ஓடினால் மின்வாரியம் அபராதம் போடுவது அவருக்குத்தான்.

தெருமுனையில் ஒரு பழைய தையல் கடை காலியாக இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு. வாடகை ஐயாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். மூன்று மாத அட்வான்ஸ்தான் என்று புது வாடகைச் சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் செல்லும் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. சென்னையில் எல்லோரும் வேறு மாதிரிதான் ஒப்புக்கொள்கிறோம். பேசிப் பேசி முப்பதாயிரத்துக்கு வந்தது. வங்கி, கொட்டேஷன் வாங்கக்கூடிய மெஷினுக்குக் கொடுக்கும். அட்வான்ஸுக்கு யார் கொட்டேஷன் கொடுப்பார்கள்? இரண்டு வளையல் அடகுக்குப் போயின. பெண்களின் தொழில் முதலீட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் எண்ண வேண்டியது அடகுக்கடை ரசீதுகளை.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒப்பந்தம் எழுத நானும் போயிருந்தேன். கடைச் சொந்தக்காரர் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, அவர் பேர்லயே எழுதிடலாம்" என்றார். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கையில் இன்னும் பெயின்ட் கறை. அதிகம் பேசாத மனிதர்.

"வாடக அவதானே குடுக்கப் போறா. அவ பேர்ல எழுதுங்க. நான் சாட்சி போடறேன்."

பதினொரு மாத ஒப்பந்தம். குத்தகைதாரர் இடத்தில் அக்காவின் கையெழுத்து, சாட்சி இடத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து. இடம் மாறியதால் உணவுப் பதிவு மறுபடி புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. இன்னொரு நூறு ரூபாய்.

அதற்குப் பிறகு

பிப்ரவரியில் ஆறு மாத வங்கி அறிக்கை, திருத்தப்பட்ட சிபில், வாடகை ஒப்பந்தம், உத்யம் எல்லாம் அவர் பெயரில். கேட்டது ஒன்றரை லட்சம், கொடுத்தது ஒரு லட்சம். மூன்று வருடம், மாதத் தவணை மூவாயிரத்து முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. தண்டலுக்கு மாதம் ஆறாயிரம் கட்டிக்கொண்டிருந்தவர். பணம் நேராக மெஷின் கடைக்குப் போயிற்று. அங்கே பில் போடும்போது கூட வந்திருந்த மகன் பெயரைக் கேட்டு அடித்துவிட்டார்கள். அக்கா பில்லை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் வேறு தாள் எடுத்து அடித்துக் கொடுத்தார்.

இருபது லிட்டர் கிரைண்டரும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜும் வந்த பிறகு எல்லாம் நேராக ஓடியது என்று சொல்ல மாட்டேன். அந்த மே மாதம் ஒரு ராத்திரி மின்சாரம் போய் நாற்பது கிலோ மாவு புளித்துப் பொங்கித் தரையில் ஓடியது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் கிலோ நாற்பதுக்கு விற்க ஆரம்பித்தார். சொந்த மின் மீட்டர் இன்னும் வரவில்லை, கடைக்காரர் யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்குகிறார். ஆனால் தினம் 110 கிலோ போகிறது. காலையில் பாக்கெட் போட ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார். வளையல்கள் திரும்பி வந்துவிட்டன. தண்டல் மட்டும் முழுதாக நிற்கவில்லை, உளுந்து விலை ஏறும் மாதத்தில் ஒரு பத்தாயிரம் வாங்குகிறார். வங்கியில் கேட்கலாமே என்றால், "அது வர்றதுக்குள்ள உளுந்து விலையே எறங்கிடும்" என்கிறார்.

2025 மாநில பட்ஜெட்டில் பெண் தொழில்முனைவோருக்கு மானியத்தோடு பத்து லட்சம்வரை கடன் தரும் திட்டத்தை அறிவித்தார்கள். அவரிடம் சொன்னேன். இந்தக் கடன் முடியட்டும் என்றார். நல்லது. அந்தத் திட்டம் வந்த பிறகு சனிக்கிழமைக் கூட்டம் கூடியிருக்கிறது. நான் இப்போது விண்ணப்பத்தைத் திறப்பதே இல்லை. ஸ்டிக்கரில் யார் பெயர், சிபில் என்ன சொல்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து என்று மூன்றையும் பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எம்.கே.பி. நகரில் சாயங்காலம் பஜ்ஜி போடுகிறவர். நான் நோட்டை எடுப்பதற்குள் அக்காவே சொன்னார்: "ஸ்டிக்கரு மருமவன் பேர்ல கீது கண்ணு. நான் வர்ற வழியிலேயே கேட்டுட்டேன்."

பஜ்ஜிக்காரம்மா, "மருமவன் நல்ல புள்ளதான்" என்றார்.

"யாரு இல்லன்னது" என்று சொல்லிக்கொண்டே அக்கா நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.